ஆயில் போல்ட்டில் மரை போனால்

ஸ்பேனருக்குக் கீழே போல்ட் இறுகிக்கொண்டே வருகிறது. எதற்கும் இன்னொரு கால் சுற்று வைத்துவிடலாம் என்று அழுத்தும்போது, கையில் இருந்த இறுக்கம் சட்டென்று விட்டுப்போகிறது. அதன்பிறகு எத்தனை சுற்று சுற்றினாலும் போல்ட் சுற்றுமே தவிர இறுகாது. கழற்றிப் பார்த்தால், அதன் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய சுருள், பேனா ஸ்பிரிங்கைப் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுருள் போல்ட்டுடையது அல்ல. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து உரிந்து வந்த மரை அது.

“மரை போச்சு” என்று மெக்கானிக்குகள் இதைத்தான் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றுவது அரைமணி நேர வேலை. அந்தக் கால் சுற்று அதை லேத்துப் பட்டறை வரைக்கும் இழுத்துவிடும்.

காரணம் எளிது. ஆயில் வடிக்கும் போல்ட் எஃகு. அது ஏறும் எஞ்சின் கேஸ் அலுமினியக் கலவை வார்ப்பு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம். கார்களில் பெரும்பாலும் ஆயில் தொட்டியைத் தனியாகக் கழற்றிப் புதிதாக மாட்டிவிடலாம். பைக்குகள் பலவற்றில் அந்தத் துளை எஞ்சின் கேஸிலேயே இருக்கிறது. கேஸை மாற்றுவதென்றால் எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். எஞ்சின் எண் பொறித்திருப்பதும் அந்தக் கேஸில்தான் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகப் படியும் ஏற வேண்டியிருக்கும். ஒரு போல்ட்டின் கதை இவ்வளவு தூரம் போகிறது.

எவ்வளவு இறுக்க வேண்டும்? ஹோண்டா வழிவந்த 100 சிசி வண்டிகள் பலவற்றில் இந்த போல்ட் 12 மி.மீ. தடிமன், தலைக்கு 17 மி.மீ. ஸ்பேனர். இவற்றுக்கு 25 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு விசை போதும். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் பன்னிரண்டரை கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை அது. ஒரு கையால் நிதானமாக இழுத்தாலே வந்துவிடும். ஸ்பேனரில் அரை மீட்டர் பைப்பைச் சொருகி, 60 கிலோ ஆள் ஒருவர் காலை வைத்து ஏறி நின்றால் விசை 300 நியூட்டன் மீட்டரை நெருங்கும். தேவையைப்போலப் பன்னிரண்டு மடங்கு!

“அண்ணே, நல்லா டைட் வைங்க, ஒழுகிடப்போகுது” என்று வண்டிக்காரரே சொல்வதும் உண்டு. அந்த அச்சம் தவறான இடத்தில் விழுகிறது. ஆயிலைத் தடுத்து நிறுத்துவது மரை அல்ல, போல்ட் தலைக்கும் கேஸுக்கும் நடுவே நசுங்கி உட்காரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கித் தட்டையாகியிருக்கும். அதையே திரும்பப் போட்டால் ஒழுகும். ஒழுகுகிறதே என்று மேலும் இறுக்குவார்கள். மிக மலிவான அந்த வளையத்தை ஒவ்வொரு முறையும் மாற்றாததால் போன மரைகள் எத்தனையோ.

மரை பெரும்பாலும் ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் அளவு மீறிய இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அதை இழுத்து நீட்டுகிறது. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், குளிர்ந்த எஞ்சினில் மிகையாக இறுக்கிய போல்ட், வண்டி ஓடும்போது மரையை இன்னும் அழுத்தமாக இழுக்கிறது. கடைசியில் எந்தக் கையில் அது உரிகிறதோ, பழி அந்தக் கைக்கு. முன்பு பலர் செய்ததை அவர் முடித்து வைத்திருப்பார், அவ்வளவுதான்.

கடையில் மாற்று போல்ட் வாங்கும்போது நேரும் பிழை வேறு வகை. ஹார்டுவேர் கடையில் “12 மி.மீ. போல்ட்” என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 1.75 மி.மீ. இடைவெளி மரை. ஆயில் போல்ட்டில் வழக்கமாக இருப்பது 1.5. முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு முரண்டு பிடிக்கும். அங்கே ஸ்பேனரைப் போட்டால் நல்ல மரையும் அழியும். சென்னையில் 1955 முதல் உருவான பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு மரைகள் உண்டு. அந்த வகையைச் சேர்ந்த விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரைக்கு 60. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை ஒன்றோடொன்று சேராது.

மரை போன பிறகு முதலில் கை போவது டெஃப்லான் டேப்புக்கும் எம்சீலுக்கும். வீட்டுக்கு வந்து சேர வேறு வழியே இல்லாத இரவில் அதைப் புரிந்துகொள்ளலாம். அப்படியே ஆறு மாதம் ஓட்டுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. டேப்பின் நார் உள்ளே போனால் ஆயில் வழியை அடைக்கலாம். போல்ட் வழியில் கழன்று விழுந்தால், கிளட்சுக்கும் கியருக்கும் பிஸ்டனுக்கும் பொதுவாக இருக்கும் அந்த ஒரு லிட்டர் சொச்ச ஆயில் சற்று நேரத்தில் வடிந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஒழுகும் ஆயில் பின் டயரில் பட்டு, வளைவில் வண்டி வழுக்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

முறையான வழிகளில் சுலபமானது ஓவர்சைஸ் போல்ட்: துளையைச் சற்றுப் பெரிதாக்கி, மரை வெட்டும் 14 மி.மீ. டேப் போட்டு, அதற்கேற்ற போல்ட்டை மாட்டுவது. சுற்றிலும் போதிய உலோகம் இருந்தால் இது நியாயமான வேலை. ஆனால் அந்த மரையும் அலுமினியம்தான். அதே கை அதையும் அழிக்கும்.

நிலையான தீர்வு, துளைக்குள் எஃகு மரையைக் குடியமர்த்துவது. ஹெலிகாயில் என்பது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஆன சுருள். துளையைக் கொஞ்சம் விரித்து, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, சுருளைத் திருகி இறக்கினால் பழைய அளவு போல்ட்டே மறுபடி ஏறும். சுருளை இறக்க உதவும் சின்ன வால்முனையை உடைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். லேத்துப் பட்டறைகளில் இதற்கு ஈடாக, உள்ளும் புறமும் மரை வெட்டிய புஷ் கடைந்து போடுகிறார்கள். எதுவானாலும் அது கேஸின் முகத்துக்குச் சற்று உள்ளே அடங்க வேண்டும்; அப்போதுதான் வாஷர் தட்டையாக உட்காரும். ஒட்டுப்போட்ட எஞ்சின் என்று இதைத் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. சிறு விமானங்களின் லைகாமிங் எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் துளைகளுக்குத் தயாரிப்பின்போதே ஹெலிகாயில் வைக்கிறார்கள்.

கேஸே விரிசல் விட்டிருந்தால், அதை மாற்றாமல் காப்பாற்ற ஆர்கான் வெல்டிங்தான் வழி. ஆயில் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது என்பதால், அதற்கு எஞ்சினைப் பிரித்துக் கேஸைச் சுத்தமாகக் கழுவ வேண்டும்.

புஷ் போடும் வேலையில் மிகுந்த கவனம் தேவைப்படுவது சீவல் விஷயத்தில். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைப்பார் நல்ல தொழிலாளி. அலுமினியச் சீவலைக் காந்தம் பிடிக்காது. ஆகவே மேலேயிருந்து கொஞ்சம் புது ஆயிலை ஊற்றி, துளை வழியே வடியவிட்டு, மினுக்கும் துகள் நிற்கும்வரை கழுவ வேண்டும். அந்த ஆயிலின் விலையைப் பார்த்து இதைத் தவிர்த்தால், துகள் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேலை முடிந்ததும் புது வாஷரோடு போல்ட்டை விரலால் வைத்து, முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். மரை முனைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் லேசாக ஒரு ‘டிக்’ தட்டுப்படும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் கடைசிவரை விரலாலேயே ஏறும்; ஸ்பேனர் இறுதி இறுக்கத்துக்கு மட்டும். ஆயில் ஊற்றி, எஞ்சினைச் சூடேறும் வரை ஓடவிட்டு, இரவு வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், சொட்டு விழுந்ததா இல்லையா என்று காலையில் அந்தத் தாளே சொல்லிவிடும்.