பன்னாட்டுப் பண அனுப்பீட்டுக் கட்டணம்

பன்னாட்டுப் பண அனுப்பீட்டுக் கட்டணம் என்பது ஒரு நாட்டில் ஈட்டிய பணத்தை மற்றொரு நாட்டில் உள்ள குடும்பத்தினருக்கோ பிறருக்கோ அனுப்பும்போது வங்கிகளும் பண மாற்று நிறுவனங்களும் பிடித்துக்கொள்ளும் தொகை ஆகும். இத்தொகையின் ஒரு பகுதி மட்டுமே கட்டணம் என்ற பெயரில் பற்றுச்சீட்டில் காணப்படும். எஞ்சிய பகுதி நாணய மாற்று வீதத்தினுள் அடங்கியிருக்கும். கட்டணமே இல்லை என விளம்பரப்படுத்தப்படும் சேவைகளிலும் இரண்டாவது பகுதி இருக்கக்கூடும்.

வெளிநாடுகளில் இருந்து உலகிலேயே மிகுதியான பணத்தைப் பெறும் நாடு இந்தியா. இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பின்படி 2023-24ஆம் நிதியாண்டில் இவ்வாறு வந்த பணத்தில் 10.4 விழுக்காடு தமிழ்நாட்டிற்கு வந்தது. மகாராட்டிரமும் கேரளமும் மட்டுமே இதைவிடக் கூடுதலாகப் பெற்றன. உலக வங்கி 200 டாலர் அனுப்புவதற்கு ஆகும் செலவைத் தொடர்ந்து கணக்கிட்டு வெளியிடுகிறது. அதன் உலகச் சராசரி 6 விழுக்காட்டை ஒட்டியே இருந்து வருகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் இதை 3 விழுக்காட்டிற்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் அவையின் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் ஒன்றாகும். மாதம் 20,000 ரூபாய் அனுப்பும் ஒருவருக்கு 3 விழுக்காட்டு வேறுபாடு ஆண்டுக்கு 7,200 ரூபாய் ஆகும்.

கட்டணத்தின் கூறுகள்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் உள்ள பனவடலிசத்திரத்தில் வாழும் ஒரு குடும்பத்திற்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வங்கி வழியாகப் பணம் அனுப்புவதாகக் கொள்வோம். வங்கிகளுக்கு இடையே செல்வது பணம் அன்று, செய்தியே. பெல்சியத்தில் 1973இல் நிறுவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் அமைப்பு இச்செய்திகளைக் கொண்டுசெல்கிறது. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் இடையே நேரடிக் கணக்குத் தொடர்பு இல்லையெனில், இரண்டிலும் தொடர்புடைய மூன்றாவது வங்கி ஒன்று இடையில் வரும். இடைவங்கி தனக்குரிய தொகையை அனுப்பிய பணத்திலிருந்தே கழித்துக்கொள்வது உண்டு. அனுப்பியவர் சொன்ன தொகையும் வந்து சேர்ந்த தொகையும் மாறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

இக்கழிவை யார் ஏற்பது என்பதை விண்ணப்பத்திலேயே தெரிவிக்கலாம். ஓ.யு.ஆர். எனக் குறித்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புநரைச் சேரும். எஸ்.எச்.ஏ. எனில் இருவரும் பகிர்வர். பி.இ.என். எனில் முழுவதும் பெறுநர் தலையில் விழும். கல்லூரிக் கட்டணம் போன்று குறிப்பிட்ட தொகை குறையாமல் சேர வேண்டிய இடங்களில் முதல் முறையே ஏற்றது.

இந்திய வங்கி வெளிநாட்டு நாணயத்தை ரூபாயாக மாற்றும்போது சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. இவ்வரி முழுத்தொகைக்கும் விதிக்கப்படுவதில்லை. ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்திற்கு அதன் 1 விழுக்காடு (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாகக் கொள்ளப்பட்டு, அம்மதிப்பின் மீது 18 விழுக்காடு வரி கணக்கிடப்படும். எனவே ஒரு இலட்சத்திற்கு 180 ரூபாயும், மிகச் சிறிய தொகைக்கு 45 ரூபாயும் வரியாகும். பலர் அஞ்சுவதுபோல் இது பெருந்தொகை அன்று.

பெருந்தொகை மறைவது மாற்று வீதத்தில்தான். சந்தையில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 65 ரூபாய் என்று கொள்வோம். முதல் நிறுவனம் கட்டணம் எதுவும் வாங்காமல் 63.70 ரூபாய் வீதம் தருகிறது. இரண்டாவது நிறுவனம் 5 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 64.80 ரூபாய் வீதம் தருகிறது. 1,000 வெள்ளி கொடுத்தால் முதல் வழியில் 63,700 ரூபாயும், இரண்டாவது வழியில் 995 வெள்ளி மாற்றப்பட்டு 64,476 ரூபாயும் ஊர் சேரும். இலவசச் சேவையே 776 ரூபாய் விலை கூடியதாகிறது. ஆகவே கட்டணங்களை ஒப்பிடுவதைவிட, கையிலிருந்து கொடுக்கும் மொத்தத் தொகைக்கு ஊரில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்ற ஒரே கேள்வியை எல்லா நிறுவனங்களிடமும் கேட்பது போதுமானது.

வளைகுடா நாடுகளில் இருப்போர் சந்தை வீதத்தைத் தாமே கணக்கிட முடியும். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்கம் ஒரு டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. அன்றைய டாலரின் ரூபாய் மதிப்பை இவ்வெண்ணால் வகுத்தால் போதும். டாலர் 85 ரூபாய் எனில் திர்கம் ஏறத்தாழ 23.14 ரூபாய், ரியால் 22.67 ரூபாய். முகப்பில் எழுதியிருக்கும் வீதம் இதிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதுவே மறைந்துள்ள கட்டணம்.

குறைந்த செலவிலான வழிகள்

வளைகுடாப் பண மாற்று நிறுவனங்கள் பலவும் ரூபாய் வரைவு ஏற்பாடு என்னும் முறையில் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்துள்ளன. மாற்றம் அங்கேயே முடிந்து, உள்நாட்டுப் பரிமாற்றம்போல ரூபாயாகவே பணம் கணக்கில் சேர்வதால் இடைவங்கிக் கழிவு இல்லை. கணக்கில்லாதோர் கையில் பணமாகப் பெறும் சேவைகள் வேறு ஒரு திட்டத்தின்கீழ் வருகின்றன. அதில் ஒரு முறைக்கு 2,500 டாலரும், ஒருவருக்கு ஆண்டுக்கு 30 முறையும் உச்ச அளவு. 50,000 ரூபாய் வரையே ரொக்கமாகப் பெறலாம்.

சிங்கப்பூரின் பேநவ் முறையும் இந்தியாவின் யூபிஐ முறையும் 2023 பெப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்டன. தொடக்கத்திலேயே இதில் சேர்ந்த இந்திய வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அடங்கும். அமெரிக்காவில் 2026 சனவரி 1 முதல் ரொக்கமாகவோ பணவிடையாகவோ கொடுத்து வெளிநாட்டிற்கு அனுப்பும் பணத்திற்கு 1 விழுக்காடு வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்தோ அந்நாட்டு வங்கி அட்டை மூலமோ அனுப்பினால் இவ்வரி இல்லை.

உண்டியல் முறை

தமிழகத்தில் உண்டியல் என்றால் கோவில் உண்டியலே முதலில் நினைவுக்கு வரும். வணிக வழக்கிலோ அது இன்ன ஊரில் இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்க என்று பணிக்கும் முறியைக் குறித்தது. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய இடங்களில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இம்முறியைப் பெரிதும் பயன்படுத்தினர். அன்று அது முறையான வணிகக் கருவி. அச்சமூகத்தைச் சேர்ந்த மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பெப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, காரைக்குடி, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. கடல் கடந்த பண வணிகமே அவ்வங்கியின் நோக்கமாக இருந்தது.

இன்று உண்டியல் என்று வழங்குவது வங்கிக்கு வெளியே நடைபெறும் பணமாற்று. அரசு குறித்த வீதத்திற்கும் சந்தை வீதத்திற்கும் இடைவெளி விரியும்போதெல்லாம் இது தழைக்கிறது. இலங்கையில் 2021இல் டாலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாயில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உண்டியலில் அதைவிட மிகுதியாகக் கிடைத்தது. வங்கி வழி வந்த பணம் 2020இல் 710 கோடி டாலராக இருந்து 2022இல் 379 கோடியாகச் சரிந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் எரிபொருளும் மருந்தும் கிடைக்காமல் மக்கள் அல்லலுற்ற காலம் அது. வீதம் தளர்த்தப்பட்ட பின் 2023இல் வரவு 597 கோடியாக மீண்டது. சில டாலர் கட்டணம் அன்று, மாற்று வீதமே மக்களை ஒரு வழியிலிருந்து மற்றொரு வழிக்குத் திருப்புகிறது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இந்தியாவில் 1993இல் மாற்று வீதம் ஒன்றாக்கப்பட்ட பின் இந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிட்டது. எனவே உண்டியலில் கிடைக்கும் ஆதாயம் சிறிது, இடரோ பெரிது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொடர்புடைய தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். மேலும் இக்காலத்தில் உண்டியல் பணம் பெரும்பாலும் முன்பின் அறியாத ஒருவரின் கணக்கிலிருந்தே வீட்டாரின் கணக்கிற்கு வருகிறது. அது இணைய மோசடியில் பறிக்கப்பட்ட பணமாக இருப்பின் காவல்துறை அக்கணக்கை முடக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரில் இருக்கும் தாயிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது.

கணக்கு விவரங்கள்

திரும்பிப்போகும் பணத்திற்கும் கட்டணம் உண்டு. தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி நேர்கிறது. வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து மட்டும் இருக்க, கடவுச்சீட்டைப் பார்த்துத் தந்தை பெயரை விரித்து எழுதி அனுப்பினால் இரண்டும் பொருந்துவதில்லை. கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். சிற்றூர்க் கிளைகள் பலவற்றிற்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு கிடையாது. அவ்வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டுடன் ஊர்க் கிளையின் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் சேர்த்துத் தருவது வழக்கம். எந்தக் குறியீடு என்பதைப் பணம் புறப்படும் முன் ஊர்க் கிளையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.