முள்ளெலும்புகளை இணைத்தே ஆக வேண்டுமா?

அடுத்தடுத்துள்ள இரு முள்ளெலும்புகளுக்கு இடையிலான அசைவை நிறுத்தி, அவற்றை ஒரே எலும்பாக வளரச் செய்வதே முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் ஸ்க்ரூக்களும் கம்பிகளுமே இணைப்பு எனப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அவை, இடையில் வைக்கப்பட்ட எலும்புத் துகள்கள் மாதக்கணக்கில் வளர்ந்து பாலமாகும்வரை தாங்கி நிற்கும் சாரம் மட்டுமே. 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி ஆகிய இருவரும் தனித்தனியே இம்முறையை வெளியிட்டபோது, அவர்கள் கருத்தில் முதன்மையாக இருந்தது காசநோய் அரித்த முதுகெலும்பு. நாள்பட்ட இடுப்புவலி அன்று.

வலிக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைப்பதன் பின்னுள்ள தர்க்கம் எளிமையானது: முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த டிஸ்க் தேய்கிறது, தேய்ந்த இடம் அசையும்போது வலிக்கிறது, ஆகவே அசைவை நிறுத்தினால் வலி நிற்கும். இத்தர்க்கத்தின் முதற்படியே உறுதியானதன்று. முதுகுவலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களை உள்ளடக்கி 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, டிஸ்க் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் காணப்படுவதாகக் கணித்தது. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ‘டிஸ்க் தேய்ந்துவிட்டது’ என்று கலங்குபவர், தலைமுடி நரைத்ததை நோயெனக் கொண்டவரைப் போன்றவராகவும் இருக்கக்கூடும்.

இணைப்புச் சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்கான விடை, அது எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. 2001இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில் 294 நோயாளிகள் பங்கேற்றனர். அறுவை செய்துகொண்டோர் தெளிவாக முன்னேறினர். ஆனால் மறுதரப்பினருக்குக் கிடைத்தது வழக்கமான ஃபிசியோதெரபியே. அடுத்து வந்த நார்வே ஆய்வும், ஜெரமி ஃபேர்பேங்க் தலைமையில் 349 பேரிடம் நிகழ்ந்து 2005இல் வெளியான பிரிட்டன் ஆய்வும் மறுதரப்பினருக்குத் தீவிர மறுவாழ்வுப் பயிற்சியை அளித்தபோது அந்த இடைவெளி ஏறத்தாழ மறைந்துபோயிற்று. நடத்தல், உட்காருதல், பளு தூக்குதல், உறங்குதல் போன்றவற்றில் உள்ள இடர்ப்பாட்டை 100 புள்ளிகளுக்கு அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோலில், பிரிட்டன் ஆய்வின் இரு தரப்புக்கும் இருந்த வேறுபாடு 4.1 புள்ளிகளே. பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டோரில் 28 விழுக்காட்டினர் இரண்டாண்டுக்குள் அறுவையை நாடினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் எஞ்சியோர் கத்தியின்றியே காலம் தள்ளினர்.

அப்பயிற்சி எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். பிரிட்டனில் பெரும்பாலான மையங்களில் அது மூன்று வாரங்களில் சுமார் 75 மணி நேரம் நீடித்தது. நார்வேயில் முதலில் நிகழ்ந்தது உடற்பயிற்சிகூட அன்று, ஒரு விளக்கவுரை: அன்றாட வேலைகளால் டிஸ்க்குக்குக் கேடு வராது என்று உறுதியளித்து, முதுகைத் தாராளமாகப் பயன்படுத்துமாறும் குனியுமாறும் நோயாளிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. குனியவே கூடாது என்று ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கப்பட்டவர்களுக்கு இது தலைகீழான பாடம். வலிக்குப் பயந்து அசைவைக் குறைக்க, அதனால் தசை தளர, தளர்ந்த தசையால் வலி கூட, மீண்டும் பயம் வளரும் சுழற்சியை அறுப்பதே அதன் நோக்கம்.

அசைவை நிறுத்தாமல் டிஸ்க்கையே மாற்றும் வழியும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்று பின்னர் எலும்பு மருத்துவரான கரின் பியூட்னர்-யான்ஸ், கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கர்ட் ஷெல்நாக்குடன் இணைந்து உருவாக்கிய செயற்கை டிஸ்க் 1984இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இணைப்புக்குப் பின் அண்டையிலுள்ள டிஸ்க்குகள் கூடுதல் சுமை ஏற்பதைத் தவிர்க்கலாம் என்பது இதன் பின்னிருந்த எதிர்பார்ப்பு. 2011இல் வெளியான நார்வே ஆய்வில் 173 பேரிடம் இது மறுவாழ்வுப் பயிற்சியோடு ஒப்பிடப்பட்டபோது, ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோலில் 8.4 புள்ளிகள் முந்தியது. நோயாளி தெளிவாக உணரத்தக்க வேறுபாடென ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த 10 புள்ளிகளை அது எட்டவில்லை.

நரம்புப் பாதை குறுகி, சிறிது நடந்ததுமே கால்கள் கனத்து மரத்துப்போகும் முதியவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நரம்பை அழுத்தும் எலும்பையும் தடித்த தசைநாரையும் அகற்றுவதே முதன்மையானது. அதோடு இணைப்பும் சேர வேண்டுமா என்று 247 பேரிடம் ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு சுவீடன் ஆய்வு, கூடுதல் பலனைக் காணவில்லை; அதே இதழில் வெளியான சிறியதோர் அமெரிக்க ஆய்வு இணைப்புக்குச் சற்றே சாதகமாக அமைந்தது.

எலும்பு முறிந்து நிலைகுலைந்தாலோ, கட்டியோ தொற்றோ எலும்பை அரித்தாலோ, முதுகு கடுமையாக வளைந்தாலோ இணைப்பு தேவைப்படலாம். திடீரென்று சிறுநீர் கழிக்க இயலாமல் போவதும், தொடையிடுக்கு மரத்துப்போவதும் மாற்று வழிகளை ஆராயும் வேளையல்ல, உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அவசரநிலை. இவை எதுவுமில்லாத இடுப்புவலிக்கு, மருத்துவ ஆய்வின் பகுதியாக அன்றி இணைப்புச் சிகிச்சையை அளிக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வழிகாட்டியது. ‘ஃபிசியோதெரபி பார்த்தும் பலனில்லை’ என்று அறுவை அறை வரை வந்துவிட்டவர் பார்த்தது பத்து நாள் ஒத்தடமும் இழுவையுமா, அல்லது அந்த 75 மணி நேரமா என்பது முதலில் கேட்கப்பட வேண்டியது.