இரண்டு வயல்களும் பிரதியிடலும்

பெர்லினில் பாதுகாக்கப்படும் பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் ஒரு வயல் கணக்கு இருக்கிறது. பலகையின் வயது ஏறத்தாழ 3,700 ஆண்டுகள். கணக்கைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இரண்டு வயல்களின் மொத்தப் பரப்பு 1800 சார். முதல் வயலில் சாருக்கு மூன்றில் இரண்டு சிலா தானியம். மற்றதில் அரை சிலா. முதல் வயல் 500 சிலா கூடுதலாகத் தந்தது. ஒவ்வொரு வயலும் எவ்வளவு பெரியது? (ஒரு சிலா என்பது சுமார் ஒரு லிட்டர்.)

தெரியாதவை இரண்டு. பள்ளி இயற்கணிதத்தில் வரும் பிரதியிடல் முறை முதலில் அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. முதல் வயலை 'க' என்று வைத்தால், இரண்டாவது வயல் 1800 − க. இதைத் தானியக் கணக்கில் இட்டால்:

(2/3)க − (1/2)(1800 − க) = 500

இருபுறமும் ஆறால் பெருக்கிச் சுருக்கினால் 7க = 8400. முதல் வயல் 1200 சார், மற்றது 600. சரிபார்த்தால், விளைச்சல் 800 சிலாவும் 300 சிலாவும், வித்தியாசம் 500.

பாபிலோனிய எழுத்தர் குறியீடு எதையும் பயன்படுத்தவில்லை. இரு வயல்களும் தலா 900 சார் என்று வைத்துக்கொண்டார். வித்தியாசம் 150 சிலாதான் வந்தது. இன்னும் 350 வேண்டும். ஒரு சாரை இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு மாற்றினால் வித்தியாசம் ஆறில் ஏழு சிலா கூடும். ஆகவே 300 சார் மாற வேண்டும். மொத்தம் மாறாததால், ஒரு வயல் கூடுமளவு மற்றது குறைகிறது. '1800 − க' சொல்வதும் அதையேதான்.

இம்முறையில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1800 − க என்பதை அது பிறந்த பரப்புச் சமன்பாட்டிலேயே திரும்ப இட்டால் 1800 = 1800 என்றுதான் வரும். அது உண்மைதான், ஆனால் புதிதாக எதையும் சொல்லாது. இன்னொரு சமன்பாட்டில்தான் இட வேண்டும். அப்படி இட்ட பிறகும் 'க' மறைந்து 0 = 5 போல ஏதாவது மிஞ்சினால், அந்தக் கணக்குக்குத் தீர்வே இல்லை; வரைபடத்தில் இரண்டு சமன்பாடுகளும் ஒன்றையொன்று வெட்டாத இணைகோடுகள்.

கெழு 1 உள்ள மாறியைப் பிரித்தெடுப்பது எளிது. ஆனால் தெரியாதவை பத்து, இருபது என்று பெருகினால் பின்னங்கள் குவிந்துவிடும். அதனால் கணினிகள் பெரும்பாலும் நீக்கல் முறையில் தொடங்கி, கடைசி வரியில் ஒரே ஒரு மாறி மிஞ்சும்படி செய்கின்றன. அதன் மதிப்பை மேல் வரியில் இட்டு, அங்கே கிடைத்ததை அதற்கும் மேல் வரியில் இட்டு, ஒவ்வொரு படியாக ஏறுகின்றன. இதற்குப் பின்னோக்கிய பிரதியிடல் என்று பெயர்.