ஆறுதல் எல்லோருக்கும், மருந்தளவு அவரவர்க்கு

தேக்கா சந்தையில் பாகற்காயைப் பொறுக்கிக் கூடையிலிடும்போது, அருகில் நிற்கும் முன்பின் அறியாதவரிடம்கூட "சர்க்கரைக்கா வாங்குறீங்க?" என்று குசலம் விசாரிப்பது சிராங்கூன் சாலை வட்டாரத்தின் பழைய வழக்கம். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொவிட் பரவலை முறியடிக்கும் பொருட்டுச் சிங்கப்பூர் வீட்டுக்குள் அடங்கியிருந்த நாட்களில், அந்தச் சம்பாஷணை பெரும்பாலும் கைப்பேசிக் குழுக்களுக்குள் குடிபுகுந்தது. மக்கள் மறுபடியும் வீதிக்கு வந்த பின்னரும் அது அங்கேயே தங்கிவிட்டது.

அனுதாபத்தின் பயன்

அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டி ஒருவர் இரவு இரண்டு மணிக்கு "தூக்கமே வரல" என்று எழுத, முகமறியாத சிநேகிதி ஒருத்தி "எனக்கும் அப்படித்தான் அக்கா, கொஞ்ச நேரம் பேசிட்டிருப்போம்" என்று பதில் சொல்வாளாயின், அந்த ஒரு வரியை எந்த வைத்தியராலும் சீட்டில் எழுதித் தர இயலாது. இன்சுலின் என்றாலே அந்திமக் காலம் என்று அஞ்சியிருந்தவர், ஊசி போட்டுக்கொண்டே பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் இன்னொருவரின் அனுபவத்தைக் கேட்டுத் தைரியம் கொள்கிறார். 'தே ஓ கோசோங்' என்று சர்க்கரையில்லாத தேநீருக்கு நாக்கைப் பழக்கிய உபாயமும் இவ்வாறே கைமாறுகிறது.

நோய் ஒன்று, உடம்பு வேறு

ஆனால், "நான் பாகற்காய்ச் சாறு குடிச்சேன், மாத்திரையை விட்டுட்டேன்" என்ற குரற்பதிவு வரும்போது ஜாக்கிரதை வேண்டும். பாகற்காய்க்கு ரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைக்கும் குணம் உண்டு. அதனாலேயே, இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் அதன் சாற்றைத் தினந்தோறும் அருந்தினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் நேரிடலாம். இளநீரும் அப்படியே: வெயிலில் களைத்தவருக்கு அமிர்தம், சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றவருக்கோ, அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இருதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

ஊசி குத்துவதும் இருமுவதும்

பக்கவாதம் வந்தவரின் விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் வரவழைக்கச் சொல்லும் செய்தியும், மாரடைப்பு வந்தவரைத் தொடர்ந்து இருமச் சொல்லும் செய்தியும் வருஷக்கணக்காக உலகைச் சுற்றி வருகின்றன. இரண்டுக்கும் வைத்திய சாஸ்திரத்தின் ஆதாரம் இல்லை. இரண்டும் காலத்தைத் தின்கின்றன. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகையால் முகம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், நெஞ்சை வலி அழுத்தினாலும், செய்ய வேண்டியது 995 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழைப்பது ஒன்றே.

எதை யாரிடம் கேட்பது?

நாற்பது வயது கடந்தவர் ஒரே குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொண்டு தொடர்ந்து பார்க்க வழிசெய்யும் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும், நம் ரத்தப் பரிசோதனையைக் கண்ட அவருடைய பொறுப்பு. வாழ்வே வேண்டாமென்று மனம் சோர்ந்தவருக்கு 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் இரவும் பகலும் செவிசாய்க்கிறது.

நட்புக் குழுவில் ஒருவர் தம் வேதனையைச் சொன்னால், "எனக்குக் குணமான மருந்து இது" என்று அனுப்புவதைக் காட்டிலும், "டாக்டரிடம் காட்டினீங்களா? நாளைக்கு நானும் கூட வரட்டுமா?" என்று கேட்பது மேலான சிநேகம். பாகற்காயை எப்படிக் கசப்புத் தெரியாமல் வதக்குவது என்பதை மட்டும் தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம்.