பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஐந்து பவுன்

சிராங்கூன் சாலை நகைக்கடையில் தராசுக்குத் தனியாகக் கண்ணாடிக் கூண்டு. விற்பனையாளர் சங்கிலியைச் சுருட்டித் தட்டில் வைத்துக் கூண்டுக் கதவைச் சாத்துகிறார். விசிறிக் காற்று பட்டாலே கடைசி இலக்கம் ஆடும். அது அடங்கும்வரை கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த குடும்பமே கண்கொட்டாமல் பார்க்கிறது. 40.00 கிராம். ஐந்து பவுன் சரியாக இருக்கிறது.

இதே தராசை லண்டனில் அளவு திருத்தி, வேறெதையும் தொடாமல் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் அதே சங்கிலிக்கு ஏறத்தாழ 39.87 கிராம் காட்டியிருக்கும். யாரும் தங்கத்தைச் சுரண்டவில்லை, தராசிலும் பழுதில்லை. குறைந்தது பூமியின் இழுப்பு.

சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பூமி நடுவில் கொஞ்சம் தொந்தி வைத்த உருண்டை. துருவங்களைவிட இங்கே மையத்திலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் கூடுதலாக விலகி நிற்கிறோம். போதாததற்குத் தேக்கா சந்தையில் கீரை வாங்குபவர்கள்கூட பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறார்கள். அந்தச் சுழற்சியும் எடையில் ஒரு துளியைக் கழித்துவிடுகிறது. ஆகவே இந்த இழுப்பின் அளவான ஈர்ப்பு முடுக்கம் (மீ/வி²) துருவத்தில் 9.83, லண்டனில் 9.81, சிங்கப்பூரில் 9.78.

நிறை என்பது பொருளில் அடங்கியிருக்கும் சரக்கு. எடை என்பது அந்தச் சரக்கைப் பூமி இழுக்கும் விசை. கடைத்தெருவில் இரண்டையும் 'எடை' என்றே சொல்கிறோம், அதில் தப்பில்லை. ஆனால் தராசுகளுக்குள் இந்த வேறுபாடு உண்டு. பழைய இரட்டைத் தட்டுத் தராசில் ஒரு பக்கம் நகை, மறுபக்கம் படிக்கல். இழுப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் குறையும், முள் அசையாது. ஐந்து பவுன் நிலாவிலும் ஐந்து பவுன்தான். மின்தராசுகளுக்கோ ஒப்பிட மறுதட்டு இல்லை. தட்டின் மேல் விழும் விசையை மட்டும் உணர்ந்து, அதைக் கிராமாக மாற்றிச் சொல்கின்றன. அதனால் பயன்படுத்தும் ஊரிலேயே, நிறை தெரிந்த எடைக்கல்லை வைத்து அவற்றுக்கு அளவு திருத்த வேண்டும்.

இந்த இழுப்பு வித்தியாசத்தை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கடிகாரம். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். பாரிஸில் ஒழுங்காக ஓடியது அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1821இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆட்டி ஈர்ப்பை அளந்தார். பிறகு பூமத்திய ரேகையிலும் அளப்பதற்காகச் சுமத்ரா அருகே ஒரு தீவுக்குக் குழு ஒன்றை அனுப்பினார்.

சரி, இழுப்பு ஒரேயடியாகக் குறைந்தால்? நிலாவில் அது ஆறில் ஒரு பங்கு. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து நழுவிய தேங்காய் இங்கே ஒரு விநாடியில் தரையைத் தொடும். அங்கே இரண்டரை விநாடி ஆகும். ஆனால் கோயில் வாசலில் சிதறுகாய் போடுவதுபோல் கையை ஓங்கி அடித்தால் நிலாவிலும் தேங்காய் சிதறும். ஓங்கும் கைக்கு எதிரே நிற்பது நிறை, அது மாறவில்லை. சில்லுகள்தான் ஆறு மடங்கு தூரம் பறக்கும், பொறுக்க ஓடும் சிறுவர்கள் பாடு திண்டாட்டம்.

1971 ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே தரை தொட்டன. இங்கே இறகு பின்தங்குவது காற்றின் வேலை. அந்தக் காற்றின் பலத்தை உடம்பில் உணர விரும்புவோர் செந்தோசாவுக்குப் போகலாம். அங்கே 2011 முதல் இயங்கும் ஐஃபிளை காற்றுக் குழாயில் கீழிருந்து வரும் காற்று ஆளையே தூக்கி நிறுத்துகிறது. கை கால் விரித்து வானிலிருந்து விழும் மனிதர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டரைத் தொட்டதும் காற்றின் தடையும் உடல் எடையும் சமமாகி, வேகம் அதற்குமேல் ஏறாது. குழாயிலும் அதே சமநிலைதான்; கனத்த ஆளுக்குக் காற்றைக் கூட்ட வேண்டும்.

மறுபடி நகைக்கடைக்கு வருவோம். சிங்கப்பூரில் வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு சட்டப்படி சரிபார்க்கப்பட்டு அதற்கான முத்திரை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நகையை வைக்கும் முன் எண் சுழியத்தில் நிற்கிறதா என்பதோடு அந்த முத்திரையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் மலிவாகக் கிடைத்த மின்தராசைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருபவர்களும் இங்கே ஒருமுறை அளவு திருத்திக்கொள்வது நல்லது. ஐந்து பவுனுக்கு அது 39.99 என்று காட்டக்கூடும்.