புகையைப் பார்த்தோம், நெருப்பைப் பார்த்தோமா?

மலைமேல் புகை தெரிகிறது. நெருப்பு தெரியவில்லை. ஆனாலும் "அங்கே தீ எரியுது" என்கிறோம். புகையை அறிந்தது பிரத்யட்சம், நெருப்பை அறிந்தது அனுமானம். சைவ சித்தாந்திகள் இவற்றைக் காண்டல், கருதல் என்பார்கள்.

அனுமானம் நிற்பது 'வியாப்தி' மேல்: புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற விதி. சார்வாகர்கள் கை வைத்தது இங்கேதான். நீ பார்த்தது நாலு அடுப்படி. உலகத்துப் புகை எல்லாத்தையும் பார்த்தியா? அந்த விதியே அனுமானத்தால் கிடைத்தது என்றால், அதற்கு இன்னொரு விதி வேண்டும். அதற்கு இன்னொன்று.

லேசான கேள்வி இல்லை இது. லாக் ஃபைலைப் பார்த்து சர்வரில் என்ன நடந்தது என்று நான் சொல்வதும், ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் நோயைச் சொல்வதும் இதில்தான் மாட்டுகின்றன.

நியாயகுசுமாஞ்சலியில் உதயனர் திருப்பிக் கேட்கிறார்: கண்ணில் படாதது இல்லை என்றால், வீட்டை விட்டு வெளியே வந்த சார்வாகன் மனைவி மக்களைப் பறிகொடுத்தவன் மாதிரி அழ வேண்டாமா? சந்தேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு, நம் செயலோடு முரண்படும் இடம்தான் அது என்கிறார். பின்னால் வந்த கங்கேசர் இதை விரிக்கிறார். புகை வேண்டும் என்றால் நெருப்பைத்தான் மூட்டுகிறாய். பசித்தால் சோற்றைத்தான் தேடுகிறாய். அப்புறம் சந்தேகம் எங்கே இருக்கு?

ஒன்றைக் கவனிக்கணும். இதனால் வியாப்தி நிரூபணம் ஆகிவிடவில்லை. சந்தேகத்தை எங்கே நிறுத்தலாம் என்பதுதான் தெரிகிறது. நேரில் பார்க்காததைப் பற்றிப் பேச நமக்கு இருக்கும் பிடி அவ்வளவுதான். ஆனால் அன்றாடம் சோறு பொங்குவதும் அதை நம்பித்தான்.