பறப்பதற்காகவே ஒரு பயணம்

ஊர் பார்க்கப் பறப்பவர்கள் உண்டு. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பறப்பவர்கள் உண்டு. வேலைக்காகப் பறப்பவர்கள் ஏராளம். இவர்கள் யாரோடும் சேராத இன்னொரு கூட்டம் இருக்கிறது. போய்ச் சேரும் ஊரில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. விமானம் எத்தனை மைல் பறக்கிறது என்பது மட்டுமே அவர்களுக்குக் கணக்கு. ஆங்கிலத்தில் இதற்கு ‘மைலேஜ் ரன்’ என்று பெயர். நாம் ‘மைல் ஓட்டம்’ என்று வைத்துக்கொள்வோம்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் நானும் அப்படி ஒருமுறை ஓடினேன். அதற்குப் பிறகு அலுவலக நண்பர்கள் சிலர், “நாங்களும் செய்யலாமா? எங்கே தொடங்குவது?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு வகை மைல்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விமான நிறுவனங்களின் உறுப்பினர் திட்டங்களில் இரண்டு வகைக் கணக்குகள் உள்ளன. ஒன்று, சேர்த்து வைத்து இலவசப் பயணச்சீட்டாக மாற்றிக்கொள்ளும் மைல்கள். மற்றொன்று, நம் தகுதிநிலையை உயர்த்தும் மைல்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் இரண்டாவது வகையை ‘எலீட் மைல்கள்’ என்கிறார்கள்.

கடன் அட்டையில் மளிகை வாங்கினாலும் முதல் வகை மைல்கள் சேரும். எலீட் மைல்கள் பெரும்பாலும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, இருக்கையில் உட்கார்ந்து பறந்தால்தான் சேரும். மைல்களைக் கொடுத்து வாங்கிய இலவசச் சீட்டில் பறந்தால் இந்தக் கணக்கு ஏறாது.

12 மாதத்துக்குள் 25,000 எலீட் மைல்கள் சேர்த்தால் ‘எலீட் சில்வர்’. 50,000 சேர்த்தால் ‘எலீட் கோல்ட்’. கோல்ட் உறுப்பினருக்கு ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் தங்கத் தகுதியும் கிடைக்கிறது. பலரும் குறிவைப்பது இதைத்தான். முன்னுரிமை வரிசை, முன்கூட்டியே விமானம் ஏறுதல், கூடுதலாக 20 கிலோ பெட்டி (எண்ணிக்கை முறை உள்ள தடங்களில் கூடுதலாக ஒரு பெட்டி), விமான நிலைய ஓய்வறைக்குள் தம்முடன் ஒருவரையும் அழைத்துச் செல்லும் உரிமை ஆகியவை அதில் அடங்கும். இதற்கும் மேலே பிபிஎஸ் கிளப் இருக்கிறது. அது மேல்வகுப்புப் பயணங்களில் 25,000 வெள்ளி செலவழிப்பவர்களுக்கானது. அதன் கணக்கு வேறு.

மலேசிய வாசகர்கள் மலேசியா ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்ளலாம். 2013 முதல் அது ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருக்கிறது. அங்கே தகுதிநிலைகளின் பெயர்களும் புள்ளிக் கணக்கும் வேறு. ஆனால் யோசிக்கும் முறை ஒன்றுதான்.

44,700-இல் நின்ற கணக்கு

என் கதைக்கு வருகிறேன். வேலை நிமித்தம் அந்த ஆண்டு நிறையப் பறந்திருந்தேன். உறுப்பினர் ஆண்டு முடிய ஆறு வாரம் இருந்தபோது என் கணக்கில் 44,700 எலீட் மைல்கள் இருந்தன. இன்னும் 5,300 வேண்டும். அலுவலகப் பயணம் எதுவும் மீதம் இல்லை. கெடு முடிந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

உலக வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சென்னை நமக்குச் சுமார் 1,800 மைல். போய்வர 3,600. ஆனால் மலிவான ‘லைட்’ கட்டணச் சீட்டில் பறந்த தூரத்தில் பாதிதான் கணக்கில் ஏறும். அதாவது 1,800. மூன்று முறை போய்வந்தால் 5,400 கிடைக்கும். அம்மா சென்னையில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அந்தச் சமயம் அவர் எங்களோடு இங்கே இருந்தார்.

தோக்கியோ போய்வரச் சுமார் 6,600 மைல். லைட் சீட்டில் 3,300. போதாது. பெர்த்துக்கு முழு மைல்கள் தரும் சீட்டை வாங்கினாலும் 4,800தான். ஐந்நூறு குறையும். லண்டன் போய்வர 13,500. பாதி கிடைத்தாலும் போதும். ஆனால் இரண்டு நாள் விடுமுறையில் 27 மணி நேரம் விமானத்துக்குள் உட்கார வேண்டும்.

கடைசியில் அகப்பட்டது சிட்னி. ஒரு வழி சுமார் 3,900 மைல். முழு மைல்கள் தரும் கட்டணப் பிரிவில் போய்வந்தால் 7,800. வெள்ளி இரவு ஏறி, சனி காலை இறங்கி, ஞாயிறு பிற்பகல் திரும்பிவிடலாம். சீட்டு 1,040 வெள்ளி. ஆஸ்திரேலியாவுக்கான மின்னியல் பயண அனுமதி, ரயில், சாப்பாடு, தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு. எல்லாம் சேர்த்து 1,120 வெள்ளி ஆகும் என்று கணக்கு வந்தது.

காசு கொடுத்து வாங்கியிருப்பேனா?

சீட்டை வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. தங்கத் தகுதி தரும் சலுகைகளை எல்லாம் கடை விலையில் கூட்டினால் பெரிய தொகை வரும். அது ஏமாற்றுக் கணக்கு. ஒவ்வொரு சலுகைக்கும் எதிரே ஒரு கேள்வி எழுத வேண்டும்: இந்த அட்டை இல்லாவிட்டால், இதை நான் காசு கொடுத்து வாங்கியிருப்பேனா?

அடுத்த ஓராண்டில் சென்னைக்கு நான்கு முறை போய்வரத் திட்டம் இருந்தது. எட்டு விமானங்கள். அவற்றில் நான்கில் அம்மாவும் உடன் வருவார். தனியாகப் போனால் நான் ஓய்வறையைத் தேட மாட்டேன், ஒரு கோப்பிக் கடை போதும். ஆகவே அதற்குப் பூஜ்யம். அம்மாவோடு போகும் நான்கு முறையும் கட்டண ஓய்வறைக்குப் போயிருப்பேன். ஆளுக்கு 50 வெள்ளி என்று வைத்தால் 400.

கூடுதல் 20 கிலோ எட்டு முறையும் கிடைக்கும். உண்மையில் எனக்குத் தேவைப்படுவது இரண்டு முறை. அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போகும்போது ஒன்று, அங்கிருந்து பாத்திரமும் புடவையுமாகத் திரும்பும்போது ஒன்று. கிலோவுக்குப் பத்து வெள்ளி என்று போட்டு 400. கூடுதல் மைல்களுக்கு ஒரு நூறு. மொத்தம் 900 வெள்ளி.

செலவு 1,120. வரவு 900. வெறும் காசுக் கணக்கில் 220 வெள்ளி நட்டம்.

“அப்புறம் எதுக்குங்க போறீங்க?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி. நீண்ட வரிசையில் நிற்க முடியாது. விமான நிறுவனங்கள் சக்கர நாற்காலி உதவியை இலவசமாகவே தருகின்றன. அதற்கு எந்த அட்டையும் தேவையில்லை. முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். ஆனால் அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால், “ஏன்டா, எனக்கு என்ன ஆயிடுச்சு? நாலு பேர் பார்க்கத் தள்ளிக்கிட்டுப் போகணுமா?” என்பார். குட்டை வரிசையில் தன் காலில் நடந்துபோவதை மட்டும் ஏற்றுக்கொள்வார். அந்த 220 வெள்ளி எதற்கு என்று தெரிந்தே சீட்டை வாங்கினேன்.

சிட்னியில் என்னதான் செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: மத்திய நிலையத்தில் ரயில் மாறி, மேற்கே பரமட்டா பக்கம் போனேன். மேஸ் ஹில் முருகன் கோயிலில் கும்பிட்டு, இந்தியக் கடைகள் நிறைந்த ஹாரிஸ் பார்க்கில் தோசை சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன். குடிநுழைவு அதிகாரி, “இரண்டே நாளா?” என்று புருவத்தை உயர்த்தினார். உண்மையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

மாறிவரும் ஆட்டம்

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதம் யுனைடெட்டும் பின்தொடர்ந்தது. பறந்த தூரத்தை வைத்தே எல்லாம் கணக்கிடப்பட்ட காலத்தில், மலிவுச் சீட்டில் அதிகத் தூரம் பறப்பது கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

நிறுவனங்கள் அந்த ஓட்டையை ஒவ்வொன்றாக அடைத்துவருகின்றன. 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும் இலவசச் சீட்டுக்கான மைல்களைச் செலவழித்த தொகையின்படி தரத் தொடங்கின. 2024 முதல் டெல்டாவில் தகுதிநிலைக்கும் செலவுதான் அளவுகோல். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் அதே வழிக்கு வந்துவிட்டது. கிரிஸ்ஃப்ளையரின் சில்வர், கோல்ட் நிலைகள் பறந்த தூரத்தை இன்னும் பார்ப்பதால்தான் நம் ஊரில் மைல் ஓட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது. விதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம். சீட்டு வாங்கும் நாளில் நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டங்களை நிறுவனங்கள் தருமத்துக்கு நடத்தவில்லை. கொவிட்-19 காலத்தில், 2020-இல், யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி அமெரிக்க டாலர் திரட்டியது. நம் ஆசைக்கு அவ்வளவு சந்தை மதிப்பு இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு

ஒன்று, பூஜ்யத்திலிருந்து ஓடாதீர்கள். 50,000 மைல்களை முழுக்க முழுக்கச் சென்னை லைட் சீட்டுகளால் சேர்க்க வேண்டுமென்றால் 28 முறை போய்வர வேண்டும். வழக்கமான பயணங்கள் உங்களைத் தகுதிக்கு மிக அருகே கொண்டுவந்து விட்டிருந்தால் மட்டுமே, மிச்சத்தை நிரப்ப ஓர் ஓட்டம் சரிப்படும்.

இரண்டு, எல்லாப் பயணங்களையும் ஒரே திட்டத்தில் சேருங்கள். 2014-இல் ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் இணைந்தது. அதில் பறக்கும் மைல்களைக் கிரிஸ்ஃப்ளையரில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று திட்டங்களில் சிதறவிட்டால் எதிலும் தகுதி வராது.

மூன்று, சீட்டில் இருக்கும் கட்டண வகுப்பின் எழுத்தைப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குக் கிடைக்கும் மைல்களில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கலாம். கூட்டணி நிறுவனங்களின் சில மலிவுச் சீட்டுகளில் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

நான்கு, கெடுவுக்கு முந்தின வாரம்வரை காத்திருக்காதீர்கள். விமானம் ரத்தானால் மாற்று வழி இருக்க வேண்டும். கூட்டணி நிறுவனத்தில் பறந்தால் மைல்கள் கணக்கில் ஏறச் சில நாள் பிடிக்கும். ஏறும்வரை பயண அட்டையின் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஐந்து, நீங்கள் வழக்கமாகப் போகும் விமானத்தில் அந்த அட்டை செல்லுமா என்று பாருங்கள். திருச்சிக்கும் கோவைக்கும் ஸ்கூட்டில் போகிறவர்கள் நம்மில் அதிகம். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. தங்கத் தகுதியின் முழுச் சலுகைகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. மலிவு விமானத்திலேயே ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு, சிட்னிக்குச் செலவழிக்கும் ஆயிரம் வெள்ளியில் பெட்டிக்கும் இருக்கைக்கும் பலமுறை கட்டணம் கட்டிவிடலாம்.

ஆறு, உடம்பு. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். இரத்த நாளக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஏழாவது, சங்கடமான ஒன்று. “நான் ஏறாவிட்டாலும் அந்த விமானம் பறக்கத்தானே போகிறது” என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். எல்லாரும் அப்படிச் சொல்லி ஏறுவதால்தான் அடுத்த விமானமும் பறக்கிறது. 2019-இல் பிரிட்டனின் பருவநிலை மாற்றக் குழுவுக்காக லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தயாரிக்கப்பட்ட அறிக்கை, இத்தகைய மைல் திட்டங்களையே தடைசெய்யலாம் என்று பரிந்துரைத்தது. தேவையில்லாமல் பறக்கத் தூண்டுகின்றன என்பதுதான் அது சொன்ன காரணம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஓராண்டுக்கு ஒன்றுக்குமேல் ஓடுவதில்லை என்று எனக்கு நானே ஓர் எல்லை போட்டிருக்கிறேன். இந்த ஆண்டு கணக்கு 31,000-இல் நிற்கிறது. கெடுவுக்கு இரண்டு மாதம்தான் மிச்சம். அதனால் ஓடப்போவதில்லை.

தாளும் பேனாவும் முதலில். கூட்டிப் பார்த்து வரவு குறைவாக வந்தால், அந்தக் குறைவு எதற்காக என்று ஒரே வரியில் உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடிந்தால் சீட்டை வாங்குங்கள். முடியாவிட்டால் அதே காசில் குடும்பத்தோடு எங்கேயாவது போய், இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வாருங்கள்.